பரணில் ஏறிய குடை

மாரெட்பள்ளியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் வானிலை ஆபீசில் வேலை பார்த்தார். ஒல்லியான மனிதர், பெரிய மூக்குக்கண்ணாடி. மழை நிறைய என்று ஆபீஸ் சொன்ன வருஷம் வெயிலிலும் குடையோடு போவார். கம்மி என்று சொன்னால் குடை பரணில் ஏறிவிடும்.

ஒரு வருஷம் கம்மி என்றார்கள். எங்கள் பொதுக்கிணறும் வற்றிவிட்டது. வீடு மாற்றிவிடலாம் என்றுகூடப் பேசினோம். ஆடியில் கொட்டித் தீர்த்தது. தொப்பலாக நனைந்து வந்தவர் நேரே கிணற்றை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஆண்களிடம் பேசவே கூசும் நான் அன்று கேட்டுவிட்டேன்: "இனியாவது குடையை இறக்கலாமே சார்?"

"நக்கோ, வேணாம் அம்மா! சீசன் முடிஞ்சுதான் சொன்னதையும் பெஞ்சதையும் ஒத்துப் பாக்கணும். அதுவரைக்கும் ஆபீஸ் சொன்னதுதான். நீங்க குடத்தை எடுங்க, தண்ணி ஏறுது!"

ஆபீஸ் தோற்றதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க, சிரித்துக்கொண்டே நனைந்துதான் வேலைக்குப் போனார். இன்றுவரை எனக்கு விளங்காத மனிதர்.