வேனுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு

ஸ்வீடனின் வடகோடியில் எங்கள் ஏரி உறைந்ததும் கார் கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சோதனைத் தடம் போட்டுக் கொடுப்பது ஹில்டிங்கின் வேலை. ஒரு பக்கச் சக்கரங்கள் கண்ணாடி போன்ற பனிக்கட்டியிலும் மறுபக்கச் சக்கரங்கள் சொரசொரப்பான பனியிலும் ஓடுகிற மாதிரி இழைத்துவிடுவார். சறுக்கினால் தானே நிமிர்ந்துகொள்ளக் கார்கள் பழகுவது அங்கேதான்.

இந்தக் குளிர்காலத்தில் ஓட்டுநர் இல்லாத வேன் ஒன்று வந்தது. சோதனை முடிந்ததும் நகராட்சி அதை ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு விட்டது. சக்கர நாற்காலி ஏறும் பழைய டாக்ஸியை நிறுத்திவிட்டது. ஹில்டிங்கின் அக்கா சீவ் நடக்க முடியாதவர். சிறுநீரகம் கெட்டுப்போனதால் வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கப் போயாக வேண்டும்.

“அந்த டப்பாவுல நான் ஏறணுமாடா?”

“என் தடத்துல ஒரு தடவைகூட வழுக்கலக்கா. நானே பாத்தேன்.”

“உன் தடத்துல நீ விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டத நானும்தான் பாத்தேன்.”

ஆனாலும் தம்பி சொன்னதை நம்பி ஏறினார். முதல் நாள் ஹில்டிங்கும் கூடப் போனார்.

வேன் பதமாகத்தான் ஓடியது. மலையடி இறக்கத்தில் எதிரே வந்த பேருந்து ஒன்று பனித்தூளை வாரி இறைத்தது. வேனின் கேமராக்கள் மூடிக்கொண்டன. கண் தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சமும் சறுக்காமல், வளைவின் நடுவில் நின்றது.

ஏரியில் பின்னால் யாரும் வருவதில்லை. இந்தச் சாலையில் மரலாரிகள் வரும். மலையிலிருந்து கசிந்த நீர் இறக்கம் முழுக்க உறைந்து கிடக்கும். பாரத்தோடு வருகிற லாரி அதில் பிரேக் போட்டாலும் நிற்காது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வேனைத் தடத்தில் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஹில்டிங்குக்கு அது தோன்றவே இல்லை.

“எங்கடா போற?” என்றார் சீவ்.

“பின்னால லாரி வந்தா நிக்காதுக்கா.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேட்டில் ஓடினார். பாதி தூரம் போவதற்குள் லாரி தெரிந்தது. ஓட்டி வந்த பொர்யே பழகிய கை. ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் பிரேக்கைத் தொடாமல், சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனிச்சுவரில் லாரியின் பக்கவாட்டை உரசவிட்டார். பனியைச் சீவிக்கொண்டே வந்த லாரி வேனை இடிப்பதற்குச் சற்று முன்னால் நின்றது.

“நடு ரோட்டுல நிறுத்தியிருக்கானே, யாரு ஓட்டுறது அத?” என்று இறங்கினார் பொர்யே.

“யாரும் ஓட்டல.”

“அப்போ நான் யாரத் திட்டுறது?”

“என்னத் திட்டு” என்றார் ஹில்டிங்.

நகராட்சியில் புகார் சொன்னார். வேன் செய்தது சரிதான், பார்வை போனால் நிற்கத்தானே வேண்டும் என்றார்கள். பழைய டாக்ஸி இனி வராது என்றும் சொன்னார்கள். ஹில்டிங்கின் பிக்கப் வண்டியில் சக்கர நாற்காலியை ஏற்ற வழியில்லை.

“போகாம இருந்தா அடுத்த வாரம் என்னைப் பொதைக்கணும். வேன வரச் சொல்லு” என்றார் சீவ்.

இப்போது அக்காவின் முறை வரும்போதெல்லாம் ஹில்டிங் ஏரி வேலையை விட்டுவிட்டு, பிக்கப்பின் கூரையில் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி வேனுக்குப் பின்னாலேயே போகிறார். வெளியூரில் இருந்த நான் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் பிக்கப்பில் அவரோடு உட்கார்ந்து போனேன். முன்னால் போகும் வேனை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. வழியெல்லாம் அவர் கண் பின்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது.