பத்து வருடத்து மாமரம்

நான் எழுதிய புரோகிராம்களில் முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்தது, வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

சண்டைக் காலம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாதி நாள் மின்சாரம் வராது, மீதி நாள் மாணவர்கள் வரமாட்டார்கள். சும்மா இருக்க முடியாத மண்டை எனக்கு. கறுப்புக் கட்டம் அச்சடித்த மட்டையை நிலத்தில் வைத்து, மடிக்கணினியின் கமராவை அதன் பக்கம் திருப்பினால், திரையில் அந்த இடத்தில் ஒரு செடி நிற்கும். வீட்டைச் சுற்றிய வளவு உண்மை, செடி பொய். விசையை அழுத்த அழுத்தச் செடிக்கு வயது ஏறும். மண்ணைக் கிண்டுமுன்பே தோட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று பெருமையடித்துத் திரிந்தேன். தோட்டம் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மதில் பாய்ந்து வந்து செவ்வரத்தைப் பூச்செடியை மொட்டையடிக்கும் நகரத்து மான்களைக்கூட அதில் சேர்க்க மறந்திருந்தேன்.

முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய வளவுக்கு எதிரே, சந்தியில் ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண். அங்கே நிற்பவர்களுக்குத் தெரு முழுவதும் தெரிய வேண்டுமாம். அதனால் மதிலுக்கு மேலே தலைகாட்டிய எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டார்கள். முருங்கை போனது, வேம்பு போனது. மிஞ்சியது முழங்கால் உயரத்தில் ஒரு மாங்கன்று. கறுத்தக்கொழும்பான் என்ற யாழ்ப்பாணத்து இன மாம்பழத்தின் ஒட்டுக்கன்று. சண்டையில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டுவதற்கு முன் அக்காவின் தம்பி அங்கேயிருந்து ஈரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தது. திரும்பிப் போன தம்பியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. காலையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அக்கா தேத்தண்ணீர் குடிப்பார்.

"பூக்கன்று வைக்க விடுவாங்களோ தெரியாது பிள்ளை" என்றார்.

"நான் காட்டுறன் அக்கா. பார்த்தா விடுவாங்கள்."

சென்றிக்குப் பொறுப்பான அதிகாரியை நானே போய்க் கூட்டிவந்தேன். கனகாம்பரம், கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி என்று திரையில் வரிசையாக முளைக்க வைத்தேன். ஒன்றும் மதிலைத் தாண்டவில்லை. தன் ஊரிலும் தோட்டம் இருப்பதாகச் சொல்லிச் சின்னப் பிள்ளைபோல ரசித்துவிட்டு, வைக்கலாம் என்றார்.

அத்தோடு மூடியிருக்க வேண்டும். யாராவது மெச்சினால் எனக்குக் கைகால் நிற்காது. "இதையும் பாருங்கோ சேர்" என்று மட்டையை மாங்கன்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா என் முதுகில் கிள்ளினார். சந்தோசத்தில் கிள்ளுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு வருடம். ஐந்து வருடம். பத்து. திரையில் மாமரம் கிளை விரித்தது. மதில் மறைந்தது, தெரு மறைந்தது, மணல்மூட்டைகளோடு சென்றியும் மறைந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சென்றியைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"இது எடுக்க வேணும்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"சேர், இது பத்து வருசத்துக்குப் பிறகு!"

"பத்து வருசம் பிறகும் நாங்க இங்கதான்." மிரட்டலாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்த்தான் சொன்னார்.

மூன்று தரம் வந்து வளவைச் சோதித்த ஆமிக்காரர் அந்தக் கன்றைக் கடந்துதான் போனவர்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அதற்கு ஒரு படித்த மடைச்சி தேவைப்பட்டிருக்கிறாள்.

அக்கா யாரையும் தொட விடவில்லை. தானே குனிந்து இழுத்தார். ஆத்திரத்தில் இழுத்ததில் ஒட்டு வைத்த இடத்தில் முறிந்து, மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. இனி வேறெங்கும் நட ஏலாது. அதிகாரி போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"தம்பி வந்து கன்று எங்க எண்டு கேட்டா, நான் என்னத்தைக் காட்டுறது?" என்றார் அக்கா. "உன்ர பெட்டியையோ?"