மூக்கால் ஊதிய பலூன்

நாற்பது வயதில் மூக்கால் பலூன் ஊதப் போய், தலைசுற்றி லாரி டயர் மேல் விழுந்த முட்டாள் நான். தூக்கி உட்காரவைத்த தோஸ்து, "இன்னா மாமு, வாயி ரிப்பேரா?" என்று கேட்டான்.

டயருக்குக் காற்றடிப்பதுதான் என் பிழைப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் டயரைத் தட்டிப் பார்த்தே காற்று குறைவா என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஆறு வயது மகளின் காதுக்குள் காற்று இல்லாமல் போனது மட்டும் எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "ஆத்தா மாதிரியே கீறா, நம்மள மதிக்கறதே இல்ல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சுக்கு மாற்றிய பிறகும் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை என்று டீச்சர் சொன்னதும்தான் சிரிப்பு நின்றது.

ராயபுரத்தில் காது டாக்டர் விளக்கினார். "செவிப்பறைக்குப் பின்னால சின்னதா ஒரு அறை இருக்குங்க. அதுல இருக்கிற காத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். நாம எச்சில் முழுங்கும்போது மூக்குக்குப் பின்னால ஒரு குழாய் திறந்து புதுக் காத்தை அனுப்பும். பாப்பாவுக்குக் குழாய் திறக்கல. போன காத்து திரும்பல, அங்க நீர் கோத்துக்கிச்சு."

நான் ஒரு காதையே நீட்டி நீட்டிக் கேட்டதைப் பார்த்து எனக்கும் எக்ஸ்ரே எடுக்கவைத்தார். என் மறு காது சிறுவயதில் சீழ் வடிந்தது. அதன் பின்னால் உள்ள எலும்பில் தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருக்க வேண்டுமாம். என் படத்தில் அந்த இடம் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

"என் மண்டையில களிமண்ணுன்னு வாத்தியார் அப்பவே சொன்னாரு டாக்டர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"குழந்தை வளரும்போதுதான் இந்த அறைங்க உருவாகும். காது இப்படியே கிடந்தா, அவளுக்கும் சரியா வளராமப் போகலாம்."

அதற்குப் பிறகு எனக்கும் ஜோக் வரவில்லை.

குழாய் திறக்க, மகள் ஒரு மூக்குத் துளையை மூடிக்கொண்டு, மறு துளையால் தினமும் பலூன் ஊத வேண்டும் என்றார். அடுத்த சோதனையில் ஒரு காதாவது தேறினால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டும் இப்படியே இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, செவிப்பறையில் துளை போட்டு, சின்னக் குழாய் பொருத்துவதுதான் வழி. மயக்க மருந்து என்றதும் மனைவி மகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமே என்று பட்டறையில் ஒத்திகை பார்த்தபோதுதான் விழுந்தேன். வீட்டிலும் நான் மூக்கில் பலூனை வைத்ததுமே அவள் உருண்டு உருண்டு சிரித்தாள். "நீ அப்பால போய்யா, கொயந்த ஊதட்டும்" என்று மனைவி என்னை வாசலுக்குத் துரத்தினாள். வாசலில் நின்று, உள்ளே 'புஸ்' என்று கேட்கும் ஒவ்வொரு ஊதலையும் காதை நீட்டிக் கேட்டேன்.

சோதனை நாளில் மகளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெஷின் பார்க்கும் அம்மா ரப்பர் முனையை அவள் காதில் பொருத்தினார். காற்றுள்ள காது என்றால் திரையில் கோடு மலை மாதிரி எழும்பும். நீர் நின்ற காதுக்குத் தட்டையாகப் போகும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, எச்சில் முழுங்கக்கூடாது.

இடது காது தட்டை. எங்கள் எண்ணூர் ரோடு ஒருநாளும் அவ்வளவு தட்டையாக இருந்ததில்லை.

வலது காதில் முனை ஏறியது. மகள் என்னைப் பார்த்தாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நின்றேன். நான் செய்கிற சேட்டைகளிலேயே அவளுக்கு அதிகம் சிரிப்பு வருவது அந்த முகத்துக்குத்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். கோடு தாறுமாறாக ஆடியது.

"நைனா மூஞ்சப் பாரும்மா!"

மெஷின் அம்மா முனையைப் பிடுங்கினார். "சார், நீங்க சுவத்தைப் பார்த்து நில்லுங்க."

திரும்பி நின்றேன். பின்னால் மறுபடியும் மெஷின் முனகத் தொடங்கியது. முழுங்கக்கூடாது என்றது அவளுக்குத்தான், ஆனால் நானும் எச்சிலை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு ட்ரெய்லர் ஹார்ன் அடித்தது. மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயம் வந்துவிட்டது.

சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்: "மலை வந்துச்சா?"

"சின்னதா ஒண்ணு கீது" என்றாள் மனைவி. "திரும்பாத."