வாக்கி டாக்கியில் ஜெப்ஸி

தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஜெப்ஸி வேலைக்குச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டங்களில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. யாராவது அவள் பக்கம் திரும்பினால் உடனே பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுவாள்.

மேலாளர் நேசக்குமார் ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ இங்கன இருக்கியா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு. உன்னை எப்படி பெர்மனென்ட் பண்ணுதது? ஒரு மாசம் கண்ட்ரோல் ரூம்ல இரு. அங்கன பேசாம பொழைக்க முடியாது. அப்புறம் பாப்போம்."

"சரி சார்."

வேலை போனால் நாசரேத்துக்குத் திரும்ப வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். அவளுக்கும் ஒரு பள்ளிக்கூட வேலை சொல்லி வைத்திருந்தார்கள். பொழுதெல்லாம் வகுப்பு முன்னால் நின்று பேச வேண்டும். நினைத்ததுமே அவள் கை பாட்டிலைத் தேடியது.

கண்ட்ரோல் ரூம் என்பது மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு வாக்கி டாக்கி. எந்த வண்டி எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். கீழே இருக்கும் டிரைவர்கள் அனைவருக்கும் ஒரே சேனல். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை மற்றவர் குரல் எங்கும் போகாது. முன்பு அங்கே இருந்த பெனிஸ்டன் பேச்சுக்காரன். கிரிக்கெட், புரோட்டாக் கடை, மாமனார் வீடு என்று அவன் பேச, டிரைவர்களும் பேச, சேனல் சந்தைக்கடையாக இருக்கும்.

ஜெப்ஸி பொத்தானை அழுத்தினாள்.

"முத்துமணி அண்ணாச்சி, நாலாவது வரிசை."

விட்டாள். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து டிரைவர் முத்துமணியின் குரல் வந்தது. "என்னம்மா, செட்டு ரிப்பேரா? சத்தத்தையே காணோம்!"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

மறுபடியும் அமைதி. அந்த அமைதியில் அரட்டை அடிக்க டிரைவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. போகப்போக அவர்களும் சுருக்கமாகப் பேசினார்கள்.

மாதம் முடியும் முன் ஒரு மத்தியானம், முத்துமணி டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லோடுமேன் குனிந்து கயிறு கட்டுவதை, கண்டெய்னர் சீல்களைச் சரிபார்க்கும் செந்தூர்பாண்டி தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்.

"முத்துமணி, நில்லுலே!" என்று தன் வாக்கி டாக்கியில் கத்தினார்.

சேனல் காலியாக இருந்தது. குரல் போய்ச் சேர்ந்தது. டயருக்கு அடியில் லோடுமேனின் சாப்பாட்டு வாளி மட்டும் நசுங்கியது.

செந்தூர்பாண்டி நேராக மேலாளரிடம் போனார். "பெனிஸ்டன் இருந்தா என் சத்தம் போயிருக்காது சார். அந்நேரம் அவன் சேனல்ல புரோட்டாவுக்குச் சால்னா ஊத்திக்கிட்டு இருந்திருப்பான்."

நேசக்குமார் ஜெப்ஸியைக் கூப்பிட்டார். "நீ அங்கனயே இரும்மா. பெர்மனென்ட்தான். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு நீ வர வேண்டாம், அந்நேரம் செட்டுல ஆள் வேணும்."

"சரி சார்" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாக அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் முத்துமணிதான் ஆரம்பித்தார். "ஜெப்ஸியம்மா, டிரீட் எப்போ?"

"சாயங்காலம் அண்ணாச்சி. இப்போ ஆறாவது வரிசை."

பொத்தானை விட்டாள்.