வெள்ளை எல்ம்

எங்கள் பெரியம்மாவின் இரத்தத்தை ஒரு மரம் குடிக்கிறது என்பது ஒன்பது வயதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

நந்திதுர்க்கில் தங்கம் எடுத்த மைன்ஸ் மூடிய பிறகும் பழைய துரை பங்களாவின் தோட்டத்தைப் பெரியப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாசலில் ஒரு எல்ம் மரம். எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் ஊர் நர்சரியில் வாங்கித் தொட்டியோடு கப்பலேற்றிக் கொண்டுவந்தது. சாதாரண எல்மின் அடிமரத்தில் ஒட்டுக்கட்டிய அலங்கார வகை. இலையில் பாதிக்குமேல் வெள்ளை. கிளைகள் தரையைப் பார்த்துத் தொங்கும். காற்றில்லாத மத்தியானத்திலும் ஏதாவது ஒரு கிளை மட்டும் ஆடும். ஒட்டுக்குக் கீழே பச்சைத் துளிர் வந்தால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். விட்டால் பச்சை மேலேறி வெள்ளையை அழித்துவிடும். முப்பது வருடமாகப் பெரியப்பா கிள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் பெரியம்மா வெளுக்க ஆரம்பித்தார். முதலில் நகம், பிறகு உதடு. அதே பங்குனியில் மரமும் என்றுமில்லாத வெள்ளையாகத் துளிர்த்தது. குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்:

"அது வேரு கீழ மைன்ஸோட பழைய லெவல் வரிக்கும் போவுது. அங்க செத்தவங்கள உறிஞ்சினு இருந்துச்சி. இப்ப ஷாஃப்ட்டெல்லாம் தண்ணி ரொம்பிட்ச்சி. இனிமே அதுக்கு இன்னா தீனி, சொல்லு?"

எல்லோரும் சிரித்தார்கள். குடத்தோடு நின்ற பெரியப்பா சிரிக்கவில்லை. நானும்தான்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு தாவர ஆராய்ச்சிக்காரர் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். அந்த வகை அதன் சொந்த ஊரிலேயே நோயில் அழிந்துவிட்டதாம். பழைய நர்சரிப் பட்டியலில் பெயர் மட்டும்தான் மிச்சமாம். விதையில் அந்த வெள்ளை வராது, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒட்டுக்குச்சி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் மடியில் கொட்டிக்கொண்டு சாய்ந்தார். சத்தம் கேட்டு பங்களாவிலிருந்து ஓடிவந்த பெரியப்பா அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் காய் நறுக்கும் கத்தியோடு மரத்திடம் ஓடினேன்.

மேல்கிளைகள் ஒன்றுகூட இல்லை. வெட்டுவாயெல்லாம் ஈரமாக, சாய்வாக, பிசிறில்லாமல் இருந்தன. கீழே ஒரு இலையும் கிடக்கவில்லை. பின்பக்கம் எங்கோ பச்சைத்தழை புகைகிற வாடை. நான் வருவது தெரிந்து மரம் தன் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது என்று நினைத்தேன். என் உயரத்தில் நாலைந்து கிளைகள் மிச்சமிருந்தன. அவற்றை அறுத்துப் புகைகிற இடத்தில் போட்டேன்.

மறுநாள் வந்தவர் மொட்டை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாருப்பா இப்பிடி வெட்டினது?"

"பூச்சி புட்ச்சிட்ச்சி சார். நான்தான் வெட்டிக் கொளுத்திட்டேன்."

"உலகத்துலயே இது ஒண்ணுதான்யா இருந்துச்சு!"

"இன்னா சார் பண்றது, போங்க" என்றார் பெரியப்பா. என் பக்கம் திரும்பவேயில்லை.

பெரியம்மாவுக்கு வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு என்றார்கள். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றி, மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். ஆடிக்குள் அவர் உதடு சிவந்தது. மரம் உச்சிவரை பச்சையாகிவிட்டது. பெரியப்பா அதற்குப் பிறகு ஒரு துளிரையும் கிள்ளவில்லை.

நான் மாட்டிக்கொள்ளாமலிருக்கத்தான் அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று வெகுநாள் நம்பினேன். அவ்வளவு பெரிய மனுஷருக்கும் அந்த மரத்திடம் என் பயமே இருந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.