ஏதாவது தூங்குதா என்று கேட்டவர்

தனசேகருக்காக நம் தமிழ்ச் சங்கக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேசவில்லை. மூன்றாவது வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலக மேலாளர் ஸ்ரீனிவாஸ் மேடையேறித் தெலுங்கில் பேசினார். பதினொரு வருடத்தில் சேகர் கண்ணில் படாமல் தப்பியது ஒரே ஒரு பிழைதான், அந்த ஒன்றும் இல்லாவிட்டால் அவரை மனிதர் என்றே நாங்கள் நம்பியிருக்க மாட்டோம் என்றார். அன்போடு சொன்னதுதான். உங்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். அந்த ஒன்று சேகர் தவறவிட்டதல்ல, என்னால் நடந்தது. எழுந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை.

சங்க மலருக்காக அவருடைய அலுவலக வாழ்க்கை பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். அன்று சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் கச்சிபௌலி போகும் கம்பெனி வண்டியில் இருந்தேன். வியாழக்கிழமை காலை. கைபேசியில் ‘சேகர் டெஸ்டிங்’ என்று வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் ஒரே காரணம்தான் இருக்கும். “சொல்லுங்க சேகர், இன்னிக்கு எத உடைச்சீங்க?” என்றேன். “நான் கலா பேசறேம்மா” என்றார் அவர் மனைவி. விடிகிற நேரத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாராம். நாற்பத்தேழு வயது. வண்டி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூசி வருகிறது, ஜன்னலை மூடுங்கள் என்றார். மூடினேன்.

உங்களுக்கு அவர் மைக் பார்க்கிற சேகர். விழா தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, கூடத்தின் கடைசியில், செருப்புகள் கிடக்கும் கதவருகே போய் நின்றுகொள்வார். மைக் சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும்வரை கையைத் தூக்கியபடியே நிற்பார். மேடையில் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருப்பவர் சலித்துப்போய், “எனக்கு நல்லாத்தானேப்பா கேக்குது” என்பார். “மேடையில நிக்கறவருக்கு எப்பவும் கேக்கும் சார். அதுல என்ன டெஸ்ட்?” என்பார் சேகர். கை இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஒரு நாவலின் இரண்டாம் பாகம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். அது இல்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், மேசையில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த நான் முதல் பாகத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்ததுதான். இருந்தாலும் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போனார். அவர் படியிறங்கும் வரை காத்திருந்து சேகர் சொன்னார்: “இல்லன்னா இல்லன்னு சொல்லணும் மேடம். பக்கத்துல இருக்கறத எடுத்து நீட்டக் கூடாது.” என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று பொருள். மற்ற நேரங்களில் பெயர்தான்.

அலுவலகத்திலும் அவர் என்னோடு சண்டை போட்டது இதே விஷயத்துக்குத்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகச் சேமித்து வைக்கும் ஒரு கருவியை நாங்கள் உருவாக்குகிறோம். ஒரு மாற்றம் என்றால் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவும் தான் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். அந்த முந்தைய பதிவை நாங்கள் பேரண்ட் என்போம். பெரும்பாலும் ஒரு பேரண்ட்தான். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த வேலையை ஒன்றாக இணைத்தால், இணைந்த பதிவுக்கு இரண்டு பேரண்ட். எல்லாவற்றுக்கும் முதல் பதிவுக்கு ஒன்றுமே கிடையாது. ‘இதன் பேரண்ட்’, ‘இதன் இரண்டாவது பேரண்ட்’, ‘இதற்கு மூன்று படி பின்னால்’ என்றெல்லாம் கேட்கச் சுருக்கக் குறிகள் உண்டு. குறியைப் படித்துச் சரியான பதிவை எடுத்துக் கொடுக்கும் பகுதியை எழுதியவள் நான். அதைச் சோதித்தவர் சேகர்.

சோதிப்பதற்கு ஒரு பொய் வரலாறு வேண்டும். மற்றவர்கள் அ, ஆ, இ என்று பெயர் வைத்துவிடுவார்கள். சேகர் பேருந்து நிறுத்தங்களின் பெயரை வைத்தார். முதல் பதிவு செகந்திராபாத், அவர் பிறந்த ஊர். அங்கிருந்து வழி இரண்டாகப் பிரியும். ஒன்று பாலாநகர், எரகட்டா. இன்னொன்று பேகம்பேட். இரண்டும் அமீர்பேட்டில் சேரும். பிறகு ஒரே வழியாக ஜூப்ளி ஹில்ஸ், கச்சிபௌலி. “கச்சிபௌலியில நின்னுக்கிட்டு மூணு ஸ்டாப் பின்னாடி போன்னா, முதல் பேரண்ட் வழியா எரகட்டா வரணும். அமீர்பேட்டுக்கு ரெண்டாவது பேரண்ட் கேட்டா பேகம்பேட். செகந்திராபாத்துக்கு முன்னாடி எதுன்னு கேட்டா, ஒண்ணும் இல்லன்னு வாயத் தொறந்து சொல்லணும்.” பூஜ்யம் போட்டுக் கேட்பார், ஆயிரம் படி பின்னால் போகச் சொல்லுவார், குறியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். அவர் பேச்சில் ஊர் உருதுவும் கலந்திருக்கும்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

“மேடம், ஜூப்ளி ஹில்ஸுக்கு ரெண்டாவது பேரண்ட் கேட்டேன். அமீர்பேட் வருது.”

“அதுக்கு ஒரு பேரண்ட்தானே சேகர் இருக்கு? அதான் அதையே குடுக்குது.”

“ஹவ். அத நான் கேக்கலியே.”

“இல்லாதத யாராவது கேப்பாங்களா?”

“அவசரத்துல இருக்கறவன் எல்லாத்தையும் கேப்பான்.”

“ஏதோ ஒண்ணு குடுத்தா அவங்க வேலையாவது நடக்குமில்ல?”

“நக்கோ, நக்கோ. பேகம்பேட் போகணும்னவன எரகட்டாவுல இறக்கி விட்டுட்டு வேலை நடந்துருச்சுன்னு சொல்லுவீங்களா? கைக்கு இந்தப் பொய்?”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். என் முகம் சூடானது. அன்று மாலையே, தினமும் தானாக ஓடும் சோதனைகளோடு இதற்கென ஒன்றையும் எழுதிச் சேர்த்தார். மறுநாள் காலை என் திரையில் அது தோல்வி என்று சிவப்பாக எரிந்தது.

அவர் நேராகக் கணினி வேலைக்கு வந்தவரல்ல. அதற்கு முன் பாலாநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சரிபார்க்கும் வேலை. சரிபார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் பதித்த முத்திரை உண்டு. அவருடையது பத்தொன்பது. “அஞ்சு மாசம் கழிச்சு பலகை திரும்பி வந்தாலும் பத்தொம்பதுன்னு இருந்தா நான்தான் எழுந்து போகணும். சால்டர் வெச்சவன் யாருன்னு கேக்க மாட்டாங்க” என்று சாப்பாட்டு வேளையில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் டப்பாவிலிருந்து எடுத்து எனக்குக் கோங்குரா ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தார். நான் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நான் செய்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் கருவியை இயக்கிக் காட்ட வேண்டியிருந்தது. சேகரின் சோதனை சிவப்பாக இருக்கும்வரை எதையும் காட்ட முடியாது. திருத்த ஒரு நாளாவது ஆகும். அந்தச் சோதனைக்கு மேல் ஒரு வரி எழுதினேன். ‘இதை இப்போதைக்கு ஓட்டாதே’ என்று பொருள். எங்கள் பேச்சில் அதற்குத் தூங்க வைப்பது என்று பெயர். தூங்க வைத்த சோதனை முடிவுப் பட்டியலில் சிவப்பாக வராது, மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எண்ணாக இருக்கும். திங்கட்கிழமை திருத்திவிட்டு எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. சேகரிடம் சொல்லவும் இல்லை. பட்டியலில் சிவப்பு எதுவும் இல்லாததால் அவர் ரிலீஸுக்கு, அதாவது கருவியின் புதிய பதிப்பை வெளியிட, சம்மதம் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் கருவியை வைத்துத் தண்ணீர் லாரிகளுக்கு முகவரி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சிக்கல் வந்தது. அவர்களுடைய நிரல் தினமும் கடைசிப் பதிவின் இரண்டாவது பேரண்ட்டைக் கேட்டு, அதில் இருக்கும் அன்றைய புதிய முகவரிகளை எடுத்துக்கொள்ளும். அன்றைய கடைசிப் பதிவுக்கு ஒரே ஒரு பேரண்ட்தான். இல்லை என்று சொல்லி எங்கள் கருவி நின்றிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அது பக்கத்தில் இருந்ததை எடுத்து நீட்டியது. பழைய முகவரிகள். தண்ணீர் கேட்காத வீடுகளின் முன்னால் லாரிகள் நின்றன. கேட்டவர்கள் மதியம் வரை குடங்களோடு நின்றார்கள்.

விசாரணைக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். இது டெஸ்டிங்கில் எப்படித் தப்பியது என்று ஸ்ரீனிவாஸ் கேட்டார். எனக்கு வேலை உறுதியாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சேகர் என் பக்கம் திரும்பவில்லை.

“ஹவ் சார். சம்மதம் குடுத்தது நான். பார்த்திருக்கணும்” என்றார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். விசாரணை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘சோதனையில் கவனக்குறைவு, தனசேகர்’ என்று ஏறியது. அந்த ஆண்டு அவருக்கு வருவதாக இருந்த டெஸ்டிங் லீட் பதவி இன்னொருவருக்குப் போனது. அதன் பிறகும் வரவில்லை.

அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை சோதனையை யாருக்கும் தெரியாமல் எழுப்பிவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். என் வரி அங்கே இல்லை. எனக்கு முன்பே சேகர் அதை எடுத்திருந்தார். பதிவுக் குறிப்பில் இரண்டே சொற்கள்: ‘எழுப்பி விட்டாச்சு.’ நாங்கள் உருவாக்குவதே யார், எப்போது, எதை எழுதினார் என்று நினைவில் வைக்கிற கருவியைத்தான். அந்த வரியை எடுக்கப் போனவருக்கு, பக்கத்திலேயே என் பெயரும் தேதியும் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அன்று மதியம் அவர் டப்பாவைத் திறந்து வழக்கம்போல என் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடுங்க. ஊர்ல இருந்து வந்த புள்ளைங்க எல்லாம் ஏன் இப்படிக் காரத்துக்கு பயப்படுறீங்க?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னால், சம்மதம் கொடுப்பதற்கு முன், எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்பார்: “ஏதாவது தூங்குதா?” இரண்டு ஆண்டுகள் கேட்டார். இல்லை என்று ஒவ்வொரு முறையும் எல்லோருடனும் சேர்ந்து நானும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறொரு பதிலும் இருந்தது. அதைச் சொல்ல அவர் எனக்கு எத்தனை தடவை இடம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அவர் அப்படியெல்லாம் நினைக்காமல், வேலைக்காக மட்டுமே கேட்டிருக்கலாம். அதை இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இரங்கல் கூட்டத்துக்கு அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கலா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், “லீட் ஆகலன்னு மட்டும்தான் சொன்னார். ஏன்னு கேட்டதுக்கு, பெஞ்சு மேல கால் நீட்டிக்கிட்டு வேலை பாக்கலாம் விடுன்னார்” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

“ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்ட்டியே. இன்னிக்குத்தான் வாய் வந்துச்சா?”

உள்ளே அவர்கள் மகள் யாருடனோ போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து போய்க் காபி கொண்டுவந்து வைத்தார்.

“மலர்ல எழுதட்டுமா அக்கா?”

“எழுது. பேரோட எழுது. இவளுக்குத் தமிழ் பேசினா புரியும், படிக்கத் தெரியாது. நான் படிச்சுக் காட்டறேன்.”

அதற்கு மறுநாள் ஸ்ரீனிவாஸிடம் சொன்னேன். அவர் மடிக்கணினியை மூடினார். “இப்புடு எந்துகு?” என்றார். இப்போது எதற்கு? அறிக்கை இன்னும் இருக்கிறதே என்றேன். முடித்து வைத்த அறிக்கையை மாற்ற முடியாது, கீழே சேர்க்கலாம், நீயே எழுது என்றார். எழுதினேன். சோதனை இருந்தது, அதைத் தூங்க வைத்தவள் நான், தனசேகருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்று மூன்று வரி. கீழே என் பெயர். இரங்கல் கூட்டத்தில் தான் சொன்னதைப் பற்றி ஸ்ரீனிவாஸ் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை அந்த மூன்று வரியைக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் அவரே அனுப்பியிருந்தார்.

சேகரின் பொய் வரலாறு இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் அது ஓடுகிறது. ஜூப்ளி ஹில்ஸுக்கு இரண்டாவது பேரண்ட் கேட்டால் இல்லை என்று வருகிறது. செகந்திராபாத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று வருகிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வியைத்தான்.

போன வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு முன்னால் எழுந்து நின்று நான் அதைக் கேட்டேன். தமிழிலேயே கேட்டேன். இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு அந்த இரண்டு சொல் அங்கே எல்லோருக்கும் புரியும். கடைசி மேசையில் ஸ்வாதி கையைத் தூக்கினாள். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் உறுதியாகவில்லை. “ஒகட்டி உந்தி” என்றாள். ஒன்று இருக்கிறது.

ரிலீஸ் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போனது.