விட்டுப்போன எட்டு மணி நேரம்

மலேசியாவின் ஈப்போவில் யாரும் சதாசிவத்தைச் சதாசிவம் என்று கூப்பிடுவதில்லை. லாரிப் பட்டறை வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை பார்க்கும் அவருக்கு ‘கெரகணம்’ என்றுதான் பெயர். தோட்டத்திலிருந்து கூடவே வந்த பெயர் அது. காரணம் தெரியாத இளவட்டங்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

செமோருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்தில் ஷீட்டுகளுக்குப் புகை போடுவது அவர் வேலை. கொட்டகையின் சூட்டை வேளை தவறாமல் நோட்டில் எழுதுவார். 1955 ஜூன் 20ஆம் தேதி, ரப்பர் பால் வாளிகள் ஸ்டோருக்கு வரும் பதினோரு மணி வாக்கில், சூரியனைப் பாதிக்கு மேல் மறைத்த கிரகணத்தையும் அதே நோட்டில் குறித்துவைத்தார்.

பல வருஷம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு வானசாஸ்திரப் புத்தகம் கிடைத்தது. ஒரு கிரகணம் ஆறாயிரத்து ஐநூற்று எண்பத்தைந்து நாளும் எட்டு மணி நேரமும் கழித்து அதே சாயலில் மறுபடி வரும் என்று அதில் இருந்தது. மூன்று முறை கணக்குப் போட்டார். 1973 ஜூன் 30, சனிக்கிழமை. எட்டு மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டார். நாள் கணக்கில் புகையில் கிடக்கும் ஷீட்டைப் பார்த்துப் பழகியவருக்கு, பதினெட்டு வருஷத்தில் எட்டு மணி நேரம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அவரோடு தோட்டத்தில் வேலை பார்த்த ராஜுவின் மகள் பாப்பாவுக்குத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். பத்தரை மணி முகூர்த்தம். ராஜு நெஞ்சு நோயாளி. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்றே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், பதினோரு மணிக்குக் கெரகணம். தாலி கட்டுற நேரம் கோயிலைப் பூட்டணும்லா,” என்றார் சதாசிவம்.

“பஞ்சாங்கத்துல ஒண்ணும் போடலையே அண்ணே,” என்றாள் ராஜுவின் மனைவி மங்களம்.

“அது மெட்ராஸ்ல அச்சடிச்சது. நம்ம வானத்தைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?”

தோட்டமே அவர் கணக்கை நம்பியது. கல்யாணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

சனிக்கிழமை கோயில் பூட்டிக்கிடந்தது. தொழிலாளர் லயத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை. பிள்ளைத்தாச்சிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சதாசிவம் கரி படிந்த கண்ணாடித் துண்டோடு திடலில் நின்றார். பதினொன்று ஆனது, பன்னிரண்டும் ஆனது. சூரியன் முழுசாக நின்று மண்டையைப் பிளந்தது.

“என்னாலா, உங்க சூரியன் லீவு போடலையா?” என்றார் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் சீனி. “புள்ளைங்க பசியில கத்துது. சோறாக்கச் சொல்லவா, இன்னும் காத்திருக்கவா?”

“புத்தகத்துல தப்பாப் போட்டிருக்கான்,” என்றார் சதாசிவம்.

மறுநாள் ரேடியோவில் சொன்னார்கள்: ஆப்பிரிக்காவில் நேற்றுச் சூரிய கிரகணம். நம் கடிகாரத்துக்கு மாலை ஏழு மணி, இங்கே சூரியன் இறங்கிய நேரம். பதினொன்றோடு எட்டு. புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். எட்டு மணி நேரம் அந்த வரியிலேயே இருந்தது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிட, நிழல் வேறு நாட்டில் விழுந்துவிட்டது.

அவர் புத்தகத்தை மூடும்போது மங்களம் வாசலில் நின்றாள்.

“அண்ணே, புதன்கிழமையும் ஒரு முகூர்த்தம் இருக்காம். இவரு உடம்பு சரியில்ல. அன்னிக்கே வச்சிரலாமா? கெரகணம் பிந்தி வருமோ?”

வராது என்று அவருக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

“வந்தாலும் வரும். எதுக்கும் பொறுத்துக்க,” என்றார்.

வியாழக்கிழமை ராஜு இறந்துபோனார்.

கல்யாணம் அடுத்த வருஷம் நடந்தது. அட்சதை போட வரிசையில் நின்ற சதாசிவம், கையில் இருந்த அரிசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “புத்தகம் அண்ணனை ஏமாத்திருச்சு, பாவம்,” என்று மங்களம் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

பின்னாளில் மிச்சத்தையும் படித்தார். மூன்று சுற்று சேர்ந்தால் மூன்று எட்டு மணி நேரமும் ஒரு முழு நாளாகி, கிரகணம் ஏறக்குறைய பழைய பக்கத்துக்கே திரும்பும். 1934 பிப்ரவரியில் அப்பா விடியலில் பார்த்ததாகச் சொன்ன கிரகணம், ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, 1988 மார்ச் 18ஆம் தேதி மறுபடி வந்தது. இந்த முறை அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காலையில் பஸ் பிடித்துச் செமோருக்குப் போனார். மங்களம் அங்கே பாப்பா வீட்டில் இருந்தாள்.

“கெரகண நேரத்துல வெளிய வந்திருக்கீங்களே அண்ணே. உள்ள வாங்க.”

அவர் வாசலிலேயே நின்றார். “புத்தகத்துல தப்பு இல்ல, மங்களம். நான்தான் எட்டு மணி நேரத்தை விட்டுட்டேன். நீ புதன்கிழமை வைக்கலாமான்னு கேட்டப்ப எனக்கு அது தெரியும்.”



“புதன்கிழமை,” என்றாள் மங்களம். 

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ரம்புத்தான் மரத்தடியில் இலைகளுக்கிடையே விழுந்த வெயில் துண்டுகள் எல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன.

“இது எப்ப விடும்?” என்று கேட்டாள்.

“பத்து மணிக்குள்ள விட்டுடும்.”

அவள் தலையசைத்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

“பாப்பா, பேப்பர்ல எத்தனை மணின்னு போட்டிருக்கான், பாரு.”